வீட்டுப் பெண்

‘வேலைக்காரி’ என்ற சொல்லுக்குச் சுகந்தி தன் வீட்டில் தடை போட்டிருந்தாள். தெய்வானை முதலில் பணிப்பெண் ஆனாள், பிறகு உதவியாளர். இன்று சோபாவில் இருந்த விருந்தாளிகளிடம், “இவ எங்க வீட்டுப் பொண்ணு” என்றாள் சுகந்தி.

“அம்மா, ஞாயித்துக்கெழமை வரமாட்டேன். மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க” என்றாள் தெய்வானை.

“வீட்டுப் பொண்ணுக்கு ஏதுடி லீவு?”

“வேலைக்காரியா இருந்தப்ப ஞாயிறு லீவு இருந்துச்சு. பழையபடி அப்படியே கூப்பிட்டுருங்கம்மா.”

“சீ, அந்த வார்த்தை என் வாயில வராது.”

தெய்வானை ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். விருந்தாளிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, காலையும் நீட்டிக்கொண்டாள்.

“எனக்கும் ஒரு காபி போடுங்கம்மா.”

சுகந்தியின் முகம் சிவந்தது, உதடுகள் துடித்தன. அந்த ஒரு சொல்லுக்காகத் தெய்வானை ஆவலோடு காத்திருந்தாள்.