அத்தையின் மணிக்கட்டு

"அத்தை, அந்த பிரேக்ல காலை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தினான். கூரைமேல் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைப் பார்த்ததும், போனால் போகிறதென்று ஒதுங்கிப் போனான்.

என் பயிற்சி கார் அது. கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இன்று அங்கே அத்தை உட்கார்ந்திருந்தார், வீங்கிய வலது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு.

குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். வகுப்பின் நடுவில் அவரிடமிருந்து போன் வந்தது. ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பெண்ணைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு ஓடினேன்.

எடுத்த எடுப்பிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அத்தை கேட்கவில்லை. தெருமுனை டாக்டர் கைராசிக்காரராம். அவர் தொட்டாலே பாதி வலி போய்விடுமாம்.

அவர் தொட்டார். அத்தை அலறினார். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், தன்னிடம் மெஷின் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் சென்டரில் படம் எடுத்தார்கள். எலும்பு ஒடிந்திருக்கிறதா என்று கேட்டேன். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம். டாக்டர் எங்கே என்றேன். அங்கே டாக்டரே கிடையாதாம்.

எலும்பு டாக்டரின் கிளினிக்கில் டாக்டர் இருந்தார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தார். ஆனால் முன்பதிவு இல்லாமல் பார்க்கமாட்டாராம், அடுத்த வாரம் வரலாமாம். அதுவரை கையை என்ன செய்வது என்று கேட்டதற்கு, ஆட்டாமல் வைத்துக்கொள்ளச் சொன்னாள் வரவேற்பில் இருந்தவள்.

ஒருவரிடம் கைராசி, ஒருவரிடம் மெஷின், ஒருவரிடம் படிப்பு. எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கிற இடத்துக்குத்தானே முதலில் போகலாம் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்?

எரிச்சல் தலைக்கேறியது. அத்தைக்கும்தான். நான் வளைவில் மெதுவாகத் திரும்புவதில்லையாம், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற லட்சணம் இதுதானாம். சொல்லிக்கொண்டே மறுபடியும் பிரேக்கை மிதித்தார்.

அவர் மகனுக்குப் போன் செய்யலாமா என்று நான் கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசல். வெளிநோயாளிகள் வாசலில் அன்றைய டோக்கன் முடிந்துவிட்டது. அவசரப் பிரிவு வாசலில் காவலாளி அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். தன் காலால் நடந்து வருகிறவர்களுக்கு இது இல்லை, அந்தப் பக்கம் போங்கள் என்றார். அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறோம்.

காலால் நடந்தால் கை ஒடியாதா என்று நான் போட்ட சத்தத்தில் அந்த வராந்தாவே திரும்பிப் பார்த்தது. காவலாளி கதவைத் திறந்துவிட்டார். அத்தை என் புடவையைப் பிடித்து இழுத்து, மானம் போகிறது என்றார்.

உள்ளே இளம் டாக்டர் ஒருவர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டு ஒடிந்து எலும்பு நகர்ந்திருக்கிறது, மயக்கம் கொடுத்துத்தான் நேராக்கிக் கட்டுப்போட வேண்டும் என்றார். சொந்தக்காரர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அத்தைக்கு நான் என்ன வேண்டும் என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன்.

"என் மருமக," என்றார் அத்தை, டாக்டரிடம். என்னைப் பார்க்கவில்லை.

போன வருஷம் என் விவாகரத்து வழக்கில் கூண்டேறி, இவள் எங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராதவள் என்று சாட்சி சொன்னபோதும் அவர் என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் பேனாவை நீட்டினார்.

மருமகள் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.