கழுத்துப் பட்டை

"டாக்டர் கேட்டா என்ன சொல்லுவே?"

"ராத்திரியும் பகலும் பட்டையைப் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லுவேன்."

"தரையைப் பார்த்துச் சொன்னா யாரு நம்புவா? அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்!"

தீக்காயப் பிரிவின் வராந்தாவில் அப்பாவும் மகளும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா, செக்யூரிட்டி கம்பெனியில் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். எல்லாரும் 'கமாண்டர்' என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடச் சொன்னவரும் அவர்தான். மீசை விறைப்பாகத்தான் இருந்தது. உள்ளங்கைதான் சொதசொதவென்று வியர்த்துக் கிடந்தது.

வியர்க்காமல் என்ன செய்யும்? போன வருடம் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் மகளின் கழுத்திலும் நெஞ்சிலும் கொட்டிவிட்டது. பிழைத்ததே பெரும்பாடு. வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் இறுக்கமான பட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டு, விரலை ஆட்டிச் சொன்னார்:

"குளிக்கிற நேரம் தவிர கழட்டவே கூடாது. பொண்ணு வளருவா, தழும்பு வளராது. இறுகிப் போச்சுன்னா தாடை நெஞ்சோட ஒட்டிக்கும். அப்புறம் மறுபடியும் கத்திதான்."

"ரூல்னா ரூல், சார்!" கமாண்டர் சல்யூட் அடிக்காத குறை.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அந்த ரூல் காற்றில் பறந்தது. மனைவிக்கு பிஸ்கட் கம்பெனியில் இரவு ஷிப்ட். படுக்கையில் மகள் ஒரே ஒரு தடவை, "அரிக்குதுப்பா" என்று முனகினாள். எத்தனையோ காவலாளிகளை வெயிலில் நிற்கவைத்து வறுத்தெடுத்த மனிதர், தேம்பித் தேம்பி அழுதார். பட்டையைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தார். "அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றார். அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. காலையில் அவர் கண் விழிக்கும்போது மகள் பட்டையும் கழுத்துமாகப் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

"அப்பா, எனக்கு ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

"சேச்சே! யாரு சொன்னா?" கமாண்டர் அவள் பட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

பக்கத்தில் ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கையில் புத்தம்புதுப் பட்டை. அது வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. கமாண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் தும்மினால்கூடக் குறிப்பெடுத்துக்கொள்ளத் தயாராக, சுற்றிலும் பயிற்சி டாக்டர்கள் நின்றார்கள்.

"பட்டையை ஒழுங்கா போடுறியாம்மா?"

"ராத்திரியும் பகலும் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்." மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நீ என்ன வேணா சொல்லுவே. தழும்பு உண்மையைச் சொல்லிடும். அதைக் கழட்டிட்டு மேலே ஃபேனைப் பாரு."

கமாண்டர் தரையைப் பார்த்தார். என் பாசமே என் பிள்ளைக்கு எமனாகிவிட்டதே! எல்லாவற்றையும் சொல்லி டாக்டர் காலில் விழுந்துவிடலாமா?

மகளின் தாடை மெல்ல உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. ஃபேனையும் தாண்டி, பின்பக்கச் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துச் சிரித்தாள்.

"பார்த்தீங்களா? இதான் என்னோட ட்ரீட்மென்ட்!" டாக்டர் பயிற்சி டாக்டர்கள் பக்கம் திரும்பி மார்தட்டினார். பிறகு போனால் போகிறதென்று கமாண்டரையும் தட்டிக்கொடுத்தார். "அப்பான்னா இப்படிக் கண்டிப்பா இருக்கணும். வளர்ந்து முடிக்கிற வரைக்கும் வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க. பொண்ணு அமோகமா இருப்பா."

வாசற்படி தாண்டும்போது கமாண்டருக்கு உயிர் திரும்பி வந்தது. வராந்தாவுக்கு வருவதற்குள் அவரே ஒரு பெரிய டாக்டராகிவிட்டார். நேராக அந்த இளம் தாயிடம் போனார்.

"ஏம்மா குழந்தையை இப்படிக் கதற விடுறே? ராத்திரியில கழட்டிப் போட்டுடு. இவங்க சும்மா பயமுறுத்துவாங்க. ஒரு வருஷமா தினமும் நான் கழட்டுறேன். என் பொண்ணு கழுத்தைப் பாரு, எங்கேயாவது இறுகியிருக்கா? படிச்சவங்க ஆயிரம் சொல்லுவாங்க, அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல?"

அழுகைச் சத்தத்தில் நொந்துபோயிருந்த தாயின் விரல்கள் தயங்கித் தயங்கிப் பட்டையின் ஓரத்துக்குப் போயின.

"வேணாம்க்கா!" மகள் பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்தாள். "கழட்டாதீங்க. அப்பா தூங்கினதும் நான் எடுத்து மறுபடியும் போட்டுக்குவேன்!"

கமாண்டர் வாயைப் பிளந்தார். "அப்புறம் எதுக்குடி தினமும் என்னைக் கழட்ட விட்டே?"

"கழட்டலேன்னா நீங்க அழுதுக்கிட்டே இருக்கீங்க, தூங்கவே மாட்டேங்கறீங்களேப்பா!"