குஸ்லேயின் கழுத்தில் ஒரு பெயர்

"மூணு பேரும் உள்ளே போய் அரை மணி நேரம் ஆச்சு. இன்னும் ஒரு சத்தத்தையும் காணோமே!" என்றார் மிலிசாவ், மூடிய கதவையே பார்த்தபடி.

"உக்காருங்கப்பா. நீங்க நடக்குறதைப் பார்த்தா தரையே தேஞ்சுடும்போல" என்றாள் அவர் மகள் ரொசாந்தா.

உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார்.

இவான்யிட்சா ஊர்க் கலாச்சார மன்றத்தின் அந்த அறைக்குள், கைவினைஞர் சங்கத்தின் மூன்று நடுவர்கள் ஒரு குஸ்லேயைத் தட்டியும் தடவியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேப்பிள் கட்டையைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்தி, குதிரை முடியில் ஒற்றைத் தந்தி கட்டிய வாத்தியம். தேர்வில் தேறினால்தான் செய்தவர் தன் பெயரை அதன் கழுத்தில் சுட்டுப் பொறிக்கலாம். ஏற்கெனவே இரண்டு தடவை தோல்வி. மூன்றாவதும் போனால் பிறகு வாய்ப்பே கிடையாது என்பது சங்கத்து விதி.

மிலிசாவ் வீட்டுக் குஸ்லேக்கு மூன்று தலைமுறைப் பெயர் உண்டு. அவருடைய அப்பா செகூலே செய்ததென்றால் எல்லை தாண்டியும் ஆள் வரும். செகூலே இறந்து ஆறு வருடம் ஆகிறது. பட்டறை மட்டும் ஒரு நாளும் பூட்டிக் கிடந்ததில்லை.

அங்கே கற்றுக்கொள்வது லேசுப்பட்ட காரியமும் இல்லை. சங்கம் திருப்பி அனுப்பியவை இரண்டுதான். பட்டறையிலேயே அடுப்புக்குப் போனவை பதினொன்று. சொந்த ரத்தம் என்ற சலுகையெல்லாம் கிடையாது. "அழகா இருக்கு. ஆனா குரல் இல்லை." அவ்வளவுதான், கோடரி இறங்கிவிடும். போன குளிர்காலத்தில் அப்படி ஒன்றைப் பிளந்தபோது அப்பாவும் மகளும் நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பட்டறை மேஜைமேல் புதுக் கட்டை ஒன்று இருந்தது.

பக்கத்து வீட்டு கோய்கோ காப்பிக் கோப்பையோடு வந்து சேர்ந்தான்.

"என்ன மிலிசாவ், மகளுக்குப் பரீட்சையா?"

"பரீட்சைதான்."

"மூணாவது தடவையாமே! விட்டுத் தொலைக்கலாம்ல? குஸ்லே ஆம்பளைங்க மடியில உக்கார்ற சாமான்யா. பொம்பளை உளி பிடிச்சா அது பூனை மாதிரி கத்தும்."

ரொசாந்தாவின் முகம் சிவந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவளை மிலிசாவ் கையமர்த்தினார்.

"இதே பேச்சை நானும் பேசினவன்தான் கோய்கோ. எங்கப்பா காதுபடவே பேசியிருக்கேன். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு."

"அப்போ, இன்னைக்குத் தோத்துட்டா?"

"தோத்தா நாளைக்கு வேற கட்டை எடுப்போம். பேரைச் சுட முடியாது, அவ்வளவுதானே? செய்யவே கூடாதுன்னு எவனும் சொல்லலையே."

வீறாப்பாகச் சொன்னாரே தவிர, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கோட்டுப் பையிலிருந்து ராக்கியா சாராயப் புட்டியை எடுத்துத் திருகினார். ரொசாந்தா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்பவா? உள்ளே கூப்பிட்டாங்கன்னா குப்புனு வாடை அடிக்கும்!"

அப்போதுதான் கதவுக்கு அந்தப் பக்கம் வில் தந்தியில் உரசியது.

முதலில் அடித்தொண்டை உறுமல். பிறகு அது மெல்ல விரிந்து, மழைக்கு முந்தைய காற்றுபோல் தாழ்வாரம் முழுக்க நிறைந்தது. நடுவர்கள் வழக்கமாக மூன்று இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். இது நிற்கவில்லை. நான்கு, ஐந்து, பத்து... உள்ளே யாரோ தன்னை மறந்து பாடவும் ஆரம்பித்துவிட்டார்கள். எதிர் அறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பெண்கூட வாசலுக்கு வந்து நின்றாள். கோய்கோவின் கோப்பை பாதி வழியில் அப்படியே நின்றது.

ரொசாந்தா அப்பாவின் கையைப் பிடித்தாள்.

கதவு திறந்தது. தலைமை நடுவர் ஒப்ரென் குஸ்லேயைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா நடுவரா இருக்கேன். இன்னைக்குத்தான் வாத்தியத்தைக் கீழே வைக்க மனசு வரல. தேறியாச்சு! மூணு பேருமே முழு மார்க்!"

தாழ்வாரமே கைதட்டியது. கோய்கோ காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டே தட்டினான். "மன்னிச்சுக்கோம்மா ரொசாந்தா, தெரியாம உளறிட்டேன்!" என்று அவள் முன்னால் தொப்பியைக் கழற்றினான். மிலிசாவ் சுவரில் சாய்ந்து குழந்தைபோல் விம்மினார்.

"நாங்க நம்பரை மட்டும்தான் பார்த்தோம். பேரை இப்பத்தான் பார்க்கப்போறோம்" என்று சொல்லி ஒப்ரென் குஸ்லேயோடு வந்திருந்த ஒட்டிய உறையைப் பிரித்தார். படித்தார். நெற்றியைச் சுருக்கி மிலிசாவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"எழுதினவங்க அவசரத்துல தப்புப் பண்ணிட்டாங்கபோல. ஆசிரியர் பேரும் மாணவர் பேரும் இடம் மாறிப் போயிருக்கு."

"மாறலீங்க" என்றார் மிலிசாவ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கப்பா இந்தத் தொழிலைக் கத்துக்கொடுத்தது இவளுக்குத்தான். முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிட்டு, உளியை எப்படிப் பிடிக்கிறதுன்னு இவகிட்ட வந்து நின்ன மாணவன் நான்தான்."