முகத்தைத் திருப்பிக்கிட்டு

டாக்டருக்குக் காலை முழுக்கக் குடலிறக்க நோயாளிகள்தான். இருமும்போது குடல் விரலில் முட்டுகிறதா என்று பார்க்கையில் தன் மேல் எச்சில் தெறிக்காமல் இருக்க, ஒவ்வொருவரிடமும் ஒரே வாசகத்தைச் சொல்லிச் சொல்லி இருபது வருடமாகிவிட்டது. மதியம் உடற்கூறு வகுப்பு.

அன்று மேசையில், மருந்தில் ஊறி மரக்கட்டையாய் விறைத்த உடல் ஒன்று கூரையைப் பார்த்துக் கிடந்தது. அடிவயிற்றுச் சுவரைப் படலம் படலமாக விலக்கி, தொடையிடுக்கில் குடல் சரிந்து இறங்கும் சந்துக்குள் சுண்டுவிரலை நுழைத்தவர், பழக்கதோஷத்தில், "முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு ஒரு தடவ இருமுங்க" என்றுவிட்டார்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"சார், அவருக்கு இன்னும் டோக்கனே போடல சார்!" என்றாள் ஒரு மாணவி.

டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. நுரையீரல் இரண்டையும் போன வாரமே எடுத்து வாளியில் போட்டாயிற்று. எதை வைத்து இருமுவார் மனுஷன்?

விரல் நுனியில் ஏதோ லேசாக முட்டியது. தன்னுடைய நாடித்துடிப்பாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு விரலை உருவினார்.

நிமிர்ந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. மாணவர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

மேசையில் கிடந்தவர், காலையில் வந்த நோயாளிகளைப் போலவே மரியாதையாக, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.