முதலில் கேட்டவர்

"எங்கம்மா பேசினதை அழிக்கிறதுக்கு நீங்க யாரு மாமா?"

சாள்ஸ் கேட்ட வேகத்தில், அல்பிரட்டுக்குக் குடித்த தேத்தண்ணி புரையேறிவிட்டது.

தெரணியகலை டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் சாள்ஸ். ஸ்கிரீன் மாற்றக் கொடுத்தாலும் சரி, சார்ஜ் ஏறவில்லை என்று கொடுத்தாலும் சரி, ஒரு பிரசங்கம் செய்யாமல் போனைத் திருப்பித் தரமாட்டான்.

"கண்ட கண்ட ஆப்பைப் போட்டு வச்சிருக்கீங்க. உங்க பேச்சை யாரு ஒட்டுக் கேக்குறான்னு தெரியுமா? சிக்னல் போட்டுத் தாறேன், ஃபயர்பொக்ஸ் போட்டுத் தாறேன். எல்லாம் ஓபன் சோர்ஸ். எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு ஊருக்கே தெறந்து காட்டியிருக்காங்க. களவு பண்ண ஏலாது."

பெற்ற தாயின் போனையும் அவன் விடவில்லை. பிலோமினம்மா பாவம், யாரையாவது கூப்பிட நினைத்தால், அவன் போட்ட பூட்டைத் திறப்பதற்குள் விடிந்துவிடும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அம்மா பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய பழைய கசெட்டுகளைக் கொம்பியூட்டரில் ஏற்ற உட்கார்ந்தான். அவள் பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அவர்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் பாடுகிற கசெட் செட் ஒன்றே ஒன்றுதான். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை அல்பிரட்டிடம் இருந்தது. அவர் அதை அடுத்தவர் கையில் கொடுப்பதில்லை. தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கசெட் சுற்ற ஆரம்பித்ததும் சாள்ஸ் சின்னப் பையனாகிவிட்டான்.

அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்த காலம். லீவில் வருகிற யார் கையிலாவது ஒரு கசெட் கொடுத்து அனுப்புவாள். செட் இருந்தது அல்பிரட் வீட்டில் மட்டும் என்பதால், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் அங்கே கூடிவிடுவார்கள். அம்மாவும் அது தெரிந்தேதான் பேசுவாள். வீடு வீடாகப் பெயர் சொல்லி விசாரிப்பாள். கோழி அடைகாத்ததா, கூரைத் தகரம் மாற்றினார்களா என்று ஒன்றையும் விடமாட்டாள். பெயர் வந்த வீட்டுக்காரர்கள் செட்டைப் பார்த்தே பதில் சொல்வார்கள். கடைசியில்தான், "சாள்ஸு, தலைக்கு எண்ணெ வைக்கிறியாடா?" என்று அவனிடம் வருவாள். அந்த ஒரு கேள்விக்காக அவன் மாதக்கணக்கில் காத்திருப்பான். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

ஒன்றுதான் அவனுக்குப் பிடிக்காது. லயத்துக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன்னால், அல்பிரட் பெண்டாட்டியைக் கூட வெளியே அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்பார். வெளியே படியில் காத்துக்கிடக்கிற பிள்ளைக்கு வயிறு எரியும். ஒட்டுக் கேட்கிறவர்கள் மேல் சாள்ஸுக்கு இன்றைக்கும் இருக்கிற தீராத வெறுப்பு அங்கே பிடித்ததுதான்.

இப்போது கொம்பியூட்டரில் அம்மாவின் குரல் கோடு கோடாக எழுந்து விழுந்தது. திடீரென்று பாதிச் சொல்லில் கோடு படுத்துவிட்டது. வெறும் இரைச்சல். கொஞ்ச நேரம் கழித்து அம்மா மறுபடி பேசினாள். அடுத்த கசெட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

"சின்னதுல கேட்டப்ப செட்டு கோளாறுன்னு சொன்னீங்க. செட்டு நல்லாத்தானே இருக்கு? நீங்கதானே அழிச்சீங்க மாமா?"

"ஆமா."

"ஏன்?"

"விடு சாள்ஸு. பழைய கதை."

"விட ஏலாது. கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டது போதாதுன்னு அழிச்சும் இருக்கீங்க. பரவாயில்ல. இந்த ஒடாசிட்டி சும்மா கிடைக்கிற சொப்ட்வெயார்தான், ஆனா கெட்டிக்காரன். கசெட்டுல எதுவும் முழுசா அழியாது, இரைச்சலை வடிச்சா அடியில உள்ள குரல் மேல வந்துரும். அப்ப தெரியும் உங்க வண்டவாளம்."

அல்பிரட்டின் முகம் வெளுத்துப்போனது.

"வேணாம்பா. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன். அதைக் கிண்டாத."

கெஞ்சக் கெஞ்ச சாள்ஸுக்குச் சந்தேகம் வலுத்தது.

"செட்டைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

அவர் செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சாள்ஸ் சத்தத்தை ஏற்றினான். இரைச்சலுக்கு அடியில் மெல்லிதாக ஒரு பெண் குரல். அழுகிறதா, பேசுகிறதா, தெரியவில்லை. இன்னொரு தடவை வடிகட்டப் போனான்.

"அதை நிப்பாட்டு."

வாசலில் பிலோமினம்மா நின்றாள். தலையில் போட்ட முக்காடு கூட எடுக்கவில்லை.

"அம்மா, நீங்க எங்களுக்குப் பேசினதை அந்த மனுஷன்..."

"அது உங்களுக்குப் பேசினது இல்லடா."

அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களோட சிரிச்சுப் பேசிக்கிட்டே இருப்பேன். திடீர்னு அடக்க ஏலாம வந்துரும். குவைத்துல அந்த வீட்டுல எனக்கு நடந்ததை ஒரு ஆளுகிட்டயாவது கொட்டலேன்னா பைத்தியம் புடிச்சிருக்கும். 'அண்ணே, நீங்க மொதல்ல கேளுங்க, புள்ளைங்க கேக்கக் கூடாதத அழிச்சிருங்க'ன்னு போறப்பவே சொல்லிட்டுத்தான் போனேன்."

சாள்ஸின் கை மவுஸை விட்டு நழுவியது.

"என்னம்மா நடந்துச்சு?"

பிலோமினம்மா கொம்பியூட்டரைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா அல்பிரட் அண்ணனோட பொண்டாட்டியும் நானும் ஒண்ணாத்தான் கோயிலுக்குப் போறோம். இந்தக் கேள்விய அவ கூட ஒரு நாளும் என்கிட்ட கேட்டதில்லடா."