கத்துவதற்குச் சம்பளம்

பார்க் திறந்த முதல் வருடம் கூட்டமே வராது. நெடுஞ்சாலையில் பஸ் தெரிந்ததும் வேலையாட்கள் நாங்களே ராட்டினத்தில் ஏறி, “ஐயோ, நிறுத்து” என்று அலற வேண்டும். அந்தச் சத்தத்துக்குத்தான் ஜனம் இறங்கும் என்று முதலாளி நம்பினார்.

ஒருநாள் உச்சியில் வேகமாகச் சுற்றும்போது, பக்கத்தில் இருந்த மரியபுஷ்பத்தின் இடுப்புக் கம்பி கழன்று செடிகளுக்குள் விழுந்தது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “அண்ணே, நிறுத்தச் சொல்லுங்கண்ணே!”

“ஏல எசக்கி, நிறுத்துல! கம்பி கழண்டுட்டு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கீழே ராட்டினத்தை ஓட்டிக்கொண்டிருந்த எசக்கிமுத்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். “இன்னைக்குத்தாம்ல நல்லா கத்துத! விடாத!”

சாலையில் பஸ் வேகம் குறைந்தது. அவன் விசையை இன்னும் கொஞ்சம் தள்ளினான்.