எடின்பரோ மாப்பிள்ளை

"இந்தா, ஆத்துக்கு அங்கால லொங்குய்யில இருக்கிற பொடியனைக் காண எடின்பரோவுக்குப் போகவேணுமோ? மெத்ரோவில ஒருக்கா மாறி ஏறினால் வந்திடுமே!"

தியாகராசாவின் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கிழமை தனியாக ஸ்கொட்லாந்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றாள் மகள் தாட்சாயினி. போகவிட்டார். திரும்பி வந்த மூன்றாம் மாதம், அங்கே கண்ட ரதீசனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இரண்டும் இங்கே மொன்றியலிலேயே பேசிவைத்து, தன்னைப் பேய்க்காட்டிவிட்டுச் சேர்ந்து போயிருக்கின்றன என்று அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அது தீராமல் கலியாணப் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டார்.

"நான் தனியத்தான் போனனான், மாமா" என்றான், பெண் கேட்டு வீட்டுக்கு வந்திருந்த ரதீசன்.

"அங்கிள் எண்டு சொன்னால் காணும். சரி, அங்க என்னத்தைப் பாத்தனீர்?"

சோபா நுனியில் இருந்தவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ அங்கிள், என்ன வடிவான ஊர்! பட்டணத்துக்கு நடுவில ஒரு கரும்பாறை, அதுக்கு மேல கோட்டை. எந்தத் தெருவால வந்தாலும் தலைக்கு மேல நிக்கும். ஓராள் மட்டும் போகக்கூடிய ஒழுங்கைகள் படிப்படியா இறங்குது. முந்நூறு வருசத்துக்கு முந்தின வீடுகள், ஏழெட்டு மாடி! பேந்து ரயில் எடுத்து வெளியில போனால், கடலுக்கு மேலால சிவப்பு இரும்புப் பாலம்..."

துறைமுகத்தில் பன்னிரண்டு வருடம் இரும்போடு மாரடித்த மனுசன் தியாகராசா. பாலம் என்றதும் கோபத்தை மறந்துபோனார்.

"எவ்வளவு நீளமாம்?"

"ரெண்டரைக் கிலோமீற்றர், அங்கிள். நூற்றிமுப்பது வருசத்துக்கு மேல நிக்குது."

"அடேயப்பா!" என்றவர், சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார். நேற்று மகள் சொன்னதும் இதே கோட்டை, இதே பாலம். நன்றாகத்தான் பாடமாக்கியிருக்கிறார்கள்!

"உதெல்லாம் இருக்கட்டும். அவ்வளவு சனத்துக்குள்ள, இவள் எங்கட ஊர்ப் பிள்ளை எண்டு உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

ரதீசன் தாட்சாயினியைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிடிபட்டிட்டீர்!" தியாகராசா எழும்பிவிட்டார். "பதின்மூண்டு வயசில வன்னியில செல்லடிக்குப் பயந்து பங்கருக்குள்ள கிடந்தவள் என்ரை பிள்ளை. இஞ்ச வந்து எல்லாத்தையும் மறந்து, சிரிச்சுக்கொண்டு வளர்ந்தவள். அவளைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டீரே!"

தாட்சாயினிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அவரைப் பேசாதேங்கோ, அப்பா. நான்தான் சொல்லவேண்டாம் எண்டு மறிச்சனான். உங்களுக்குத் தெரிஞ்சால் கவலைப்படுவியள். அந்தக் கோட்டையில மத்தியானம் ஒரு மணிக்குப் பீரங்கி சுடுவினம், சும்மா நேரம் காட்டுறதுக்கு. எனக்குத் தெரியாது. வெடிச்ச உடன ரோட்டில நிண்ட சனமெல்லாம் மணிக்கூட்டைப் பாத்துது. ரெண்டு பேர் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில குப்புறக் கிடந்தம்."

தியாகராசா மகளுக்குக் கிட்ட வந்தார். மகளின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"கோவிக்காதேங்கோ, அங்கிள்" என்றான் ரதீசன் மெதுவாக.

"என்ன அங்கிள்?" என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "மாமா எண்டு சொல்லும்!"